மணவாளக்குறிச்சி மணலால் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு வருமா? மரபியல் ஆய்வுகள் சொல்வது என்ன?

குமரி மாவட்டக் கடலோர ஊர்களில் ஒரு குழந்தை உதட்டுப் பிளவோடோ வளைந்த பாதத்தோடோ பிறந்தால், "இது நம்ம மண்ணால வந்ததா?" என்ற கேள்வி எழாமல் இருக்காது. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டம் பற்றிய பேச்சு வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் சத்தமாகக் கேட்கிறது. ஆய்வாளர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

மணலில் அப்படி என்ன இருக்கு?

1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டறிந்தார். இந்த மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் கதிரியக்கத் தன்மை கொண்டது. அதனால் இந்தக் கடற்கரையில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். ஆலை வந்த பிறகு உருவானது அல்ல இது. மணல் எப்போதிருந்து இருக்கிறதோ, அப்போதிருந்தே இருக்கிறது. இதேபோன்ற மணல் கேரளாவின் கொல்லம் மாவட்டம் நீண்டகரை, சவறா, கருநாகப்பள்ளி பகுதிகளிலும் கிடக்கிறது.

கதிர்வீச்சுக்கும் பிறவிக் குறைபாட்டுக்கும் என்ன தொடர்பு?

கதிர்வீச்சு நம் உடலின் செல்களில் உள்ள டிஎன்ஏவைச் சேதப்படுத்தலாம். பெரும்பாலான சேதங்களை உடலே சரிசெய்துவிடும். ஆனால் சேதம் கருமுட்டையிலோ விந்தணுவிலோ ஏற்பட்டு, சரியாகாமல் நின்றுவிட்டால், அப்பா, அம்மாவிடம் இல்லாத ஒரு புதிய மரபணு மாற்றம் பிள்ளைக்குப் போகலாம். தலைமுறை தலைமுறையாக இந்த மணல் மேல் வாழ்பவர்களுக்கு இப்படி நடக்கிறதா என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி.

ஆய்வுகளில் தெரிந்தது என்ன?

இந்த விவாதம் 1976-லேயே தொடங்கிவிட்டது. கேரளக் கடலோரத்தில் டவுன் சிண்ட்ரோம் அதிகமாகக் காணப்படுவதாக அந்த ஆண்டு 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியானது. ஆய்வு நடத்தப்பட்ட விதம் குறித்து அப்போதே கேள்விகள் எழுந்தன.

1995 ஆகஸ்ட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையம் வேறு வழியில் இறங்கியது. கொல்லம் பகுதி அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளை ஒன்றுவிடாமல் பரிசோதித்துப் பதிவு செய்தது. 2013-ல் வெளியான முடிவின்படி, 1,41,540 குழந்தைகளில் 1,370 பேருக்கு, அதாவது 0.97 சதவீதம் பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருந்தது. அதிகம் காணப்பட்டது வளைபாதம்: 404 குழந்தைகள். கதிர்வீச்சு அதிகமுள்ள பகுதியையும் சாதாரணப் பகுதியையும் ஒப்பிட்டபோது, கதிர்வீச்சால் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை.

அப்போ டிஎன்ஏவில் எந்த மாற்றமும் இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 2002-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டது. கதிர்வீச்சு அதிகமுள்ள கேரளக் கடலோரக் குடும்பங்களில் புதிய மாற்றங்கள் கூடுதலாக இருந்தன. ஆனால் டிஎன்ஏவில் மாற்றம் இருப்பது வேறு, நோய் வருவது வேறு. அந்த மாற்றங்களால் குழந்தைகளுக்குக் குறைபாடு வந்ததாக ஆய்வு சொல்லவில்லை.

ஹிரோஷிமா, நாகசாகியிலும் 1948 முதல் 1954 வரை 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். குண்டுவீச்சில் தப்பியவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு தெளிவாகக் கூடியதாக அங்கும் தெரியவில்லை.

அப்படின்னா பயமே வேண்டாமா?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, கொல்லம் ஆய்வு கொல்லத்துக்கானது. மணல் ஒரே வகை என்றாலும் குமரிக் குழந்தைகளை நேரடியாகப் பரிசோதித்த ஆய்வு அல்ல அது. பிறந்தவுடன் கண்ணுக்குத் தெரியாத சில இதயக் குறைபாடுகள் பிறகுதான் தெரியவரும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, இயற்கையாகக் கிடக்கும் மணல் மேல் வாழ்வதைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. மணலைத் தோண்டி, பிரித்து, தூசி பறக்க வேலை செய்வது தனிக் கேள்வி. இந்த முடிவைக் காட்டி 'சுரங்கம் பாதுகாப்பானது' என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதேபோல, பிறவிக் குறைபாட்டுக்கெல்லாம் மணல்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது.

வேறு என்ன காரணங்கள்?

பல குறைபாடுகளுக்கு ஒற்றைக் காரணமே கிடையாது. பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து வேலை செய்கின்றன. நெருங்கிய ரத்த உறவில் திருமணம், தாயின் வயது, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், ஃபோலிக் அமிலக் குறைபாடு, கர்ப்ப காலத்தில் சில மருந்துகள், ருபெல்லா தொற்று ஆகியவை தெரிந்த காரணங்கள்.

என்ன செய்யலாம்?

கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரை எடுக்கத் தொடங்கலாம். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. குறைபாட்டோடு குழந்தை பிறந்தால் காலம் தாழ்த்த வேண்டாம். வளைபாதத்தைப் பிறந்த சில வாரங்களிலேயே மாவுக்கட்டு போட்டுத் திருத்தத் தொடங்கலாம். உதட்டுப் பிளவுக்கு அறுவை சிகிச்சை உண்டு. பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கான அரசின் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்ற தாயைக் குற்றம் சொல்வதை நிறுத்த வேண்டும். கொல்லத்தில் மணல் உள்ள ஊரிலும் இல்லாத ஊரிலும் ஏறக்குறைய நூற்றில் ஒரு குழந்தை இப்படிப் பிறந்திருக்கிறது. அது யாருடைய பாவமும் அல்ல.