ராவுத்தரும் ராய்ட்டரும்

செய்தித்தாளில் வெளிநாட்டுச் செய்தியொன்றின் மேல் ‘ராய்ட்டர்’ என்று அச்சாகியிருந்ததைச் சுட்டி, கள்ளக்குறிச்சியில் நம்மிடம் ஓதும் மாணவரொருவர், “ஹஜ்ரத், இவர்கள் ஜெர்மனி நாட்டு ராவுத்தர்களா?” என்று வினவினார். உடனிருந்தோர் நகைத்தனர், நாமும் நகைத்தோம். ஆயினும் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. அவ்வாரந்தான் கல்வராயன் மலையடிவாரத்து ஊரொன்றில் நாம் பேசிவைத்த சம்பந்தமொன்று முறிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ராவுத்தர். பெண் வீட்டார் லெப்பை. வேறு குறையொன்றும் சொல்லப்படவில்லை.

ராய்ட்டர் நிறுவனத்தை 1851இல் இலண்டனில் தொடங்கியவர், ஜெர்மனியின் காசல் நகரில் 1816இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் இஸ்ரேல் பேர் யோசபாத். 1845இல் கிறிஸ்தவரானபோதுதான் பால் ஜூலியஸ் ராய்ட்டர் எனப் பெயர் பூண்டார். உலகறிந்த அப்பெயர் அவருடைய பாட்டனாருக்கு இருந்ததில்லை! ஜெர்மனியிலும் லக்சம்பர்க்கிலும் பரவியுள்ள இக்குடும்பப் பெயருக்கு அறிஞர்கள் இரு மூலங்கள் கூறுவர். ஒன்று, காடழித்துத் திருத்திய நிலத்தில் குடியிருப்பவர் என்பது. மற்றொன்று, குதிரை வீரர் என்பது. கூலிப்படையைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லிலிருந்து டச்சு மொழி வழியாக வந்தது.

நம் ராவுத்தரும் குதிரை வீரரே. ஒலியும் ஒத்தது, பொருளும் ஒத்தது. உறவு மட்டும் இல்லை. ‘ராஜபுத்ர’ என்னும் வடசொல் பிராகிருதத்தில் தேய்ந்து, கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘ராவுத’ என்றாகிக் குதிரை வீரரைக் குறித்தது. மராட்டியரின் ‘ராவுத்’, வடநாட்டாரின் ‘ராவத்’ ஆகியவையும் அவ்வேரில் கிளைத்தவையே. பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர், மயிலேறும் முருகனையே இராவுத்தன் என விளிக்கிறார். நமக்கு அண்மையிலுள்ள செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி கோயில்களில் முத்தால் ராவுத்தன் என்னும் முஸ்லிம் வீரன் காவல் நிற்பதாகக் கருதி மரியாதை செய்கின்றனர். ஆகவே இது தொழிலாலும் படைப்பணியாலும் வந்த பட்டம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஹுர்முஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து காயலில் குதிரைகள் வந்திறங்கியதை மார்கோ போலோ எழுதியுள்ளார். கடற்கரையில் கலம் செலுத்தியோர் மரக்காயர் எனப்பட, உள்நாட்டில் மதுரை, திண்டுக்கல், திருச்சி, கோவை, பாலக்காடு எங்கும் ராவுத்தர் பரவினர்.

பட்டம் ஒன்றானால் குலம் ஒன்றாகுமா? கல்வராயன் மலையைப் பார்க்கலாம். அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் காஞ்சியிலிருந்து வந்ததாகத் தங்கள் மரபைச் சொல்வர். அவர்களுக்கும் கவுண்டர் என்பதே பட்டம். சமவெளிக் கவுண்டர்கள் அவர்களோடு மணவுறவு கொள்வதில்லை. 1976 வரை அம்மலையை ஆண்ட சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகியோரை ‘ஜாகிர்தார்’ என்றனர். ‘இடம் பற்றியவர்’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது. சொல் மலையேறியது, பாரசீகர் ஏறவில்லை.

ஜெர்மானியரின் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் மாறாது நிற்பது. நம்முடைய தலைப்பெழுத்தோ தந்தைக்குத் தந்தை மாறுவது. அரபியரின் ‘இப்னு’வுக்கு அதுவே நெருக்கமானது. மக்களை அவர்தம் தந்தையர் பெயரால் அழைக்குமாறு திருமறையின் அஹ்ஸாப் அத்தியாயம் பணிக்கிறது. கிளைகளும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று ஹுஜுராத் அத்தியாயம் உரைக்கிறது.

தமிழக அரசின் பிற்பட்டோர் பட்டியலில் ‘ராவுத்தர், மரக்காயர் உள்ளிட்ட லெப்பை’ என்று ஒரே வரியில் மூவரும் அடங்கியுள்ளனர். 2007இல் முஸ்லிம்களுக்குத் தனியே 3.5 விழுக்காடு ஒதுக்கியபோதும் அவ்வரி பிரிக்கப்படவில்லை. நம் மாப்பிள்ளை வீட்டார் தம் மகனின் படிப்புக்காக வாங்கிய சான்றிதழ் அந்த வரியின்படி அமைந்ததுதான்.

அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் அவ்வூருக்குச் சென்றோம். பெரியவர் கண்ணாடி அணிந்து இருமுறை வாசித்தார். “யோசித்துச் சொல்கிறோம், ஹஜ்ரத்” என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறார்.