கோட் எடிட்டரில் நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி? மவுஸை விட்டு விசைப்பலகைக்கு வாங்க!

லிட்டில் இந்தியாவில் வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால், ரயில் மாறாமல் பொங்கோல் கோஸ்ட் நிலையத்துக்குப் போய்விடலாம். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி திறக்கப்பட்ட நிலையம் அது. வெளியே வந்தால் பொங்கோல் மின்னிலக்க வட்டாரம். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகமும் அங்கேதான் உள்ளது.

அந்த வட்டாரத்தில் படிப்பவர்கள், வேலை செய்பவர்கள் பலரின் திரையில் நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஒன்று, கோட் எடிட்டர்.

நிரல் எழுதுவது இப்போது எல்லாருக்கும் அறிமுகமான விஷயம். 'கோட் ஃபார் ஃபன்' திட்டம் 2020ஆம் ஆண்டு முதல் உயர்நிலைத் தொடக்கப்பள்ளி மாணவர்கள் அனைவரையும் எட்டியது. ஆனால் நிரல் எழுதக் கற்றுத்தரும் வகுப்புகள், எடிட்டரைக் கையாளச் சொல்லித் தருவது குறைவு. அதை நாமாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கு.

கோட் எடிட்டர் என்றால் என்ன?

நிரலை எழுதவும், படிக்கவும், திருத்தவும் உதவும் மென்பொருள். வேர்டு போலத்தான், ஆனால் இதற்கு நிரலின் இலக்கணம் தெரியும்.

இப்போது அதிகம் பயன்படுத்தப்படுவது மைக்ரோசாஃப்ட்டின் 'விஷுவல் ஸ்டூடியோ கோட்'. 2015ஆம் ஆண்டு அறிமுகமானது. இலவசம். 2024ஆம் ஆண்டு 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' நடத்திய கருத்தாய்வில் 10 பேரில் 7 பேருக்கும் மேல் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்.

வேகமாகத் தட்டச்சு செய்தால் போதாதா?

போதாது. நிரல் எழுதுபவரின் நேரம் பெரும்பாலும் தட்டச்சில் போவதில்லை. தேடுவதில், படிப்பதில், "இது எங்கிருந்து வருது?" என்று யோசிப்பதில்தான் போகிறது. மிச்சப்படுத்த வேண்டிய நேரமும் அதுதான்.

எந்தக் குறுக்குவிசைகளை முதலில் பழகலாம்?

கீழே உள்ளவை விண்டோஸ் கணினியில் 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' பயன்படுத்துவோருக்கு. மேக் கணினியில் பெரும்பாலும் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை.

- கன்ட்ரோல் + பி: கோப்பின் பெயரில் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினால் போதும், கோப்பு திறக்கும். இடப்பக்கப் பட்டியலில் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து தேட வேண்டாம்.
- கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி: எடிட்டரின் எல்லாக் கட்டளைகளும் ஒரே இடத்தில். வேறு எந்தக் குறுக்குவிசை மறந்தாலும் பரவாயில்லை, இது ஒன்று நினைவில் இருக்கட்டும். கட்டளையின் பக்கத்திலேயே அதன் குறுக்குவிசையும் தெரியும். பார்த்துப் பார்த்தே பழகிவிடலாம்.
- எஃப்12: ஒரு ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகக் கூட்டிப்போகும். பழைய இடத்துக்குத் திரும்ப, ஆல்ட் + இடது அம்புக்குறி.
- ஆல்ட் + மேல் அல்லது கீழ் அம்புக்குறி: ஒரு வரியை வெட்டி ஒட்டாமல் அப்படியே நகர்த்தலாம்.
- கன்ட்ரோல் + டி: ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து இதை அழுத்தினால், அதே சொல் அடுத்து வரும் இடமும் தேர்வாகும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றலாம்.
- எஃப்2: ஒரு மாறியின் பெயரை எல்லா இடத்திலும் மாற்ற.

கடைசி இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். இல்லை. கன்ட்ரோல் + டி எழுத்துகளை மட்டும் பார்க்கும். 'விலை' என்று தேடினால் 'விலைப்பட்டியல்' என்பதில் உள்ள 'விலை'யும் சிக்கக்கூடும். எஃப்2 நிரலைப் புரிந்துகொண்டு, அந்த மாறியை மட்டும் மாற்றும். நாளைக்குச் சமர்ப்பிக்க வேண்டிய குழுத் திட்டத்தில் இந்த வேறுபாடு ரொம்ப முக்கியம்.

பிழை எங்கே என்று தெரியவில்லையா?

வரிக்கு வரி 'பிரின்ட்' போட்டுப் பார்ப்பது பலருக்கும் வழக்கம். அதற்குப் பதில், சந்தேகமான வரியில் எஃப்9 அழுத்துங்கள். சிவப்புப் புள்ளி வரும். எஃப்5 அழுத்தினால் நிரல் ஓடத் தொடங்கி அந்த வரியில் நிற்கும். அப்போது ஒவ்வொரு மாறியிலும் என்ன மதிப்பு இருக்கிறது என்று திரையில் பார்க்கலாம். எஃப்10 அழுத்தினால் ஒவ்வொரு வரியாக நகரும்.

மவுஸ் இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

1976ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பில் ஜாய் 'விஐ' எடிட்டரை எழுதினார். அவர் பயன்படுத்திய கணினி முனையத்தில் தனி அம்பு விசைகள் இல்லை. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் அம்புக்குறி அச்சிடப்பட்டிருந்தது. அந்த நான்கு விசைகளால் நகரும் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

அதன் வாரிசு 'விம்'. நெதர்லந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991ஆம் ஆண்டு வெளியிட்டார். மென்பொருள் இலவசம். பிடித்திருந்தால் உகாண்டாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று பயனாளர்களைக் கேட்டுக்கொண்டார். அவர் 2023ஆம் ஆண்டு காலமானார்.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டியது?

இருமொழியில் செயலி செய்ய நினைப்பவர்களுக்கு இது அவசியம்.

'பொங்கோல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 4 எழுத்து: பொ, ங், கோ, ல். ஆனால் பைத்தானிடம் நீளத்தைக் கேட்டால் 8 என்று சொல்லும். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் யூனிகோடு தனித்தனியாக எண்ணுவதே காரணம்.

அதோடு முடியவில்லை. 'பொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். 'கோ'வுக்கும் அப்படியே. இரண்டாவது முறையில் 'பொங்கோல்' 10 குறிகள் ஆகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள்.

விளைவு? கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடினால் "இல்லை" என்று வரும். நீங்கள் செய்த செயலியில் ஒரு பாட்டி தன் பெயரைத் தமிழில் தட்டினால், பதிவு இருந்தும் கிடைக்காமல் போகலாம். தப்பு அவர் மேல் இல்லை.

தீர்வு எளிது. தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் 'நார்மலைஸ்' செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் அதற்கான வசதி உள்ளது.

தமிழ்க் கணிமையின் வரலாற்றில் சிங்கப்பூருக்கும் இடமுண்டு. இணையத்தில் தமிழைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் நம் ஊர் நா கோவிந்தசாமி. 1997ஆம் ஆண்டு தமிழ்நெட் மாநாடு நடந்ததும் இங்கேதான்.

செயற்கை நுண்ணறிவு இருக்கும்போது இதெல்லாம் தேவையா?

'கோபைலட்' போன்ற கருவிகள் எடிட்டருக்குள்ளேயே நிரலை எழுதித் தருகின்றன. உண்மையிலேயே உதவியானவைதான். ஆனால் வேகமாக இருப்பதாகத் தோன்றுவதும் வேகமாக இருப்பதும் ஒன்றல்ல.

2025ஆம் ஆண்டு 'மீட்டர்' எனும் அமெரிக்க ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 நிரலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. செயற்கை நுண்ணறிவால் 20% வேகம் கூடியதாக அவர்கள் நம்பினார்கள். கடிகாரம் வேறு கதை சொன்னது: 19% கூடுதல் நேரம் ஆகியிருந்தது. சிறிய ஆய்வுதான், தங்களுக்கு நன்கு பழக்கமான நிரல்களில் வேலை செய்தவர்களைப் பற்றியது, அந்த நேரத்துக் கருவிகளை வைத்து நடந்தது. இருந்தாலும் ஒன்று புரிகிறது. கருவி எழுதித் தந்ததைப் படித்துச் சரிபார்க்கவும் நேரம் வேண்டும்.

அங்கேதான் எஃப்12, எஃப்9 எல்லாம் கைகொடுக்கும். மற்றவர் எழுதிய நிரலானாலும், இயந்திரம் எழுதிய நிரலானாலும், படித்துப் புரிந்துகொள்ள அவைதான் வழி. நேர்முகத் தேர்வில் "இந்த வரி என்ன செய்யுது?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பாதுகாப்பு?

- கண்ணில் படும் எக்ஸ்டென்ஷனை எல்லாம் போடாதீங்க. அவை உங்கள் கோப்புகளைப் படிக்க முடியும். வெளியிட்டவர் யார் என்று பாருங்கள்.
- அறிமுகமில்லாத ஃபோல்டரைத் திறந்தால், "இதை எழுதியவரை நம்புகிறீர்களா?" என்று எடிட்டர் கேட்கும். யோசிக்காமல் சம்மதிக்க வேண்டாம்.
- கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி இணையத்தில் ஏற்றாதீர்கள். பிறகு அழித்தாலும் பழைய பதிவுகளில் இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம். வாரத்துக்கு இரண்டு குறுக்குவிசை போதும். ஒரு சிறு தாளில் எழுதித் திரையில் ஒட்டிவையுங்கள். தாளைப் பார்க்காமல் விரல் தானாகப் போகும் நாளில், அதைக் கிழித்துவிட்டு அடுத்த இரண்டை எழுதுங்கள்.