ஒரு வடிவம், இரு சொற்கள்

மஸ்ஜித் தானா வட்டாரத்தில் தொடக்கக் கணிதத்தைத் தமிழில் பயின்ற மாணவர், இடைநிலைப்பள்ளியில் ‘கொங்ருவென்’ என்னும் மலாய்ச் சொல்லை எதிர்கொள்கின்றனர். அதற்குத் தமிழில் இரு சொற்கள் உள. தமிழகப் பாடநூல்கள் ‘சர்வசமம்’ என்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் ‘ஒருங்கிசைவு’ என்கின்றன. முன்னது வடசொல்; எல்லாம் சமம் என்று முடிவைக் கூறுகிறது. பின்னது பொருந்தும் செயலைக் காட்டுகிறது. இலத்தீன் மூலமும் ‘கூடிவருதல்’ என்றே பொருள்படும்.

ஏறத்தாழக் கி.மு. 300இல் யூக்ளிட் தம் முதல் நூலின் 4ஆம் தேற்றத்தை நிறுவியது, ஒரு முக்கோணத்தை மற்றொன்றின்மேல் வைத்தே. இரு பக்கங்களும் அவற்றிடைக் கோணமும் சமமாயின் முக்கோணங்கள் முற்றும் பொருந்தும் என்பது அத்தேற்றம். அம்முறையைப் பின்னோர் ஐயுற்றனர். 1899இல் ஹில்பெர்ட் அதன் மையக் கூற்றை நிறுவாமல் அடிகோளாகவே கொண்டார். எனினும் வகுப்பறைக்கு யூக்ளிட்டின் வழியே எளிது என்பது என் துணிபு.

மூன்று கோணங்களும் சமமானால் ‘சர்வசமம்’ என்று மாணவர் எழுதிவிடுவதுண்டு. ஆசிரியர் கரும்பலகையில் வைக்கும் மர மூலைமட்டமும் மாணவரின் சிறு மூலைமட்டமும் கோணங்களில் ஒன்றாயிருக்கலாம். மேலே வைத்தால் சிறியது பெரியதனுள் அடங்கிவிடும். அவை வடிவொத்தவை மட்டுமே. தாளில் வெட்டிய இரு முக்கோணங்களைப் புரட்டியும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புரட்டிய பின் பொருந்துவதும் ஒருங்கிசைவே.