அறிமுகக் கையெழுத்து

முன்பெல்லாம் வங்கியில் கணக்கு தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்கள் அந்த ஒரு கையெழுத்துக்காக அலைந்த அலைச்சலை கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். 2012 டிசம்பரில்தான் ரிசர்வ் வங்கி அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

இணையத்திலும் இதே கதைதான். 1997-ல் சிக்ஸ்டிகிரீஸ் வந்தது. நிலைக்கவில்லை. 2003 மே 5 அன்று ரீட் ஹாஃப்மன் குழுவினரின் லிங்க்டுஇன் வந்தது. ஆரம்பத்தில் அதில் முன்பின் தெரியாதவரை அணுக, இருவருக்கும் பொதுவான ஒருவர் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். நம்ம கையெழுத்து விவகாரமேதான்! 2004 ஜனவரியில் ஆர்குட் வந்தது. நம் நாட்டில் சக்கைப்போடு போட்டு, 2014 செப்டம்பரில் மூடப்பட்டது.

இதற்கெல்லாம் முன்பே, 1973-ல், மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்திருந்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற ஆட்கள். காரணம் எளிது: நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் சேதி தூரத்திலிருந்துதான் வரும்.

ஆனால் ஆளைத் தெரியாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஐந்நூறு பேரைச் சேர்த்துவைத்தால் மட்டும் போதாது; நாலு பேரையாவது நேரில் பார்த்து டீ குடியுங்கள். ஊருக்குப் புதிதாக வந்த பையன் யாராவது கேட்டால், பேசிப் பார்த்துவிட்டு நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள். நமக்கும் யாரோ போட்டதுதானே?