அடைப்புக்குறிக்குள் ஒரு கராஜ்

மும்பையின் வடகோடியில், தஹிசர் கிழக்கில், 'பாஞ்சாலி' என்ற பெயரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. 56 வீடுகள், தரைத்தளத்தில் தூண்களுக்கு இடையே 25 கார்கள் நிறுத்த இடம். அந்த 25 இடங்கள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு, நகர உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கி, மும்பை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2010 ஆகஸ்ட் 31 அன்று முடிவுற்றது. கட்டுமான நிறுவனமான நஹல்சந்த் லாலூசந்துக்கும் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் இடையே நடந்த இவ்வழக்கைச் சட்ட மாணவர்கள் சொத்துரிமை வழக்காகப் படிக்கின்றனர். ஆனால் மூன்று நீதிமன்றங்களும் மெனக்கெட்டது பெரும்பாலும் ஒரு சொல்லின் பொருளுக்காகத்தான்.

அச்சொல் 1963ஆம் ஆண்டின் மகாராஷ்டிர உரிமைக் குடியிருப்புகள் சட்டத்தில் இருக்கிறது. பம்பாயில் வீட்டுப் பஞ்சம் முற்றிய காலம் அது. முன்பணம் வாங்கிக்கொண்டு பத்திரம் எழுதித் தராத கட்டுநர்களைப் பற்றிய புகார்கள் பெருகின. 1960இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. மூன்றாண்டுகளில் சட்டம் வந்தது. அதில் 'ஃபிளாட்' என்பதற்குத் தரப்பட்ட வரையறை நீளமானது: தனித்ததாகவும் தன்னளவில் நிறைவுற்றதாகவும் அமைந்து, வசிப்பதற்கோ அலுவலகம், கடை, கிடங்கு, தொழில் போன்றவற்றுக்கோ பயன்படும், கட்டடத்தின் ஒரு பகுதி. இதன் நடுவே அடைப்புக்குறிக்குள், கராஜும் இதில் அடங்கும் என்று ஒரு சிறு தொடர். கார் வைத்திருப்போர் மிகச் சிலராக இருந்த காலத்தில், வரைவாளருக்கு இது போகிற போக்கில் சேர்த்த குறிப்பாகவே தோன்றியிருக்கக்கூடும்.

அடுத்த தலைமுறைக்குள் நகரம் மாறிவிட்டது. கட்டடங்கள் தரையை விட்டெழுந்து தூண்களின் மேல் நின்றன. கட்டுமானத் தொழிலில் 'ஸ்டில்ட்' எனப்படும் இந்தத் தூண்தளத்துக்கு ஒரு வசதி உண்டு. மனையின் பரப்புக்கு ஏற்ப எவ்வளவு கட்டலாம் என்று அளவிடும் எஃப்.எஸ்.ஐ. கணக்கில், விதிப்படி ஒதுக்கப்படும் வாகன நிறுத்துமிடம் சேராது. கணக்கில் வராத இந்தப் பரப்புக்கும் விலை வைக்கலாம் என்பதைக் கட்டுநர்கள் கண்டுகொண்டனர். பாஞ்சாலியில் வீடு வாங்கியோரிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்கப்பட்டிருந்தது: நிறுத்துமிடங்கள் கட்டுநருக்கே உரியவை, அவற்றை அவர் விற்பதில் தமக்கு ஆட்சேபமில்லை என்று. வீடு கிடைக்க வேண்டுமென்ற அவசரத்தில் இருப்பவர் எதில்தான் கையெழுத்திட மாட்டார்?

சங்கம் அந்த இடங்களைத் தன் பொறுப்பில் எடுக்க முற்பட்டபோது, அதைத் தடுக்கக் கோரி வழக்குத் தொடுத்தது நிறுவனம்தான். அதன் வாதம் மொழி சார்ந்தது. வண்டி நிறுத்தும் இடமே கராஜ். தூண்தளத்தில் வண்டி நிறுத்தப்படுகிறது. எனவே அது கராஜ். கராஜ் ஃபிளாட்டில் அடங்குவதால் அதை விற்கலாம். கட்டடப் பகுதியில் வண்டி நிறுத்தும் எவ்விடத்தையும் கராஜுக்குள் அடக்கிவிடும் அளவுக்கு விரிந்த வரையறை, 1991ஆம் ஆண்டின் பெருமும்பை வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளிலும் இருந்தது. 'கராஜ்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதன் வேர்வினைக்கு வண்டியைப் பத்திரமான இடத்தில் ஒதுக்கி நிறுத்துதல் என்று பொருள். வேரை மட்டும் நம்பினால் நிறுவனத்தின் வாதம் பிழையென்று சொல்வது கடினம். சொற்பிறப்பியல் வழக்காடுவதற்கு உகந்த கருவியன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நீதிபதிகள் ஆர்.எம். லோதா, ஏ.கே. பட்நாயக் அமர்வு வேறு வழியில் சென்றது. பொறியாளரின் விதிநூல் என்ன சொல்கிறது என்பதை விட, வீடு வாங்கும் ஒருவர் கராஜ் என்றால் என்ன புரிந்துகொள்வார் என்பதே முக்கியம் என்றது. அவர் மனத்தில் வருவது கூரையும் மூன்று பக்கச் சுவர்களும் உடைய இடம். தூண்களுக்கு இடையே கோடு போட்டு எண் எழுதிய தரை அதுவன்று. அடைப்புக்குறியையும் அமர்வு விடவில்லை. அந்தத் தொடர் கராஜைத் தனியே விற்கத்தக்க ஃபிளாட்டாக ஆக்கவில்லை. ஃபிளாட்டோடு இணைந்த கராஜையே குறிக்கிறது என்று கொண்டது. இல்லாவிட்டால் அக்கட்டடத்தில் வீடே இல்லாத ஒருவரும் அங்கே நிறுத்துமிடம் மட்டும் வாங்கிவிடலாம். தூண்தளம் பொதுப்பகுதி, எழுதி வாங்கிய உறுதிமொழி சட்டத்துக்கு முரணானது, வாங்கியோரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயிற்று. தன் உரிமையில் இல்லாததைப் பணயம் வைக்க முடியுமா என்று சபையில் கேட்டவளின் பெயர் அந்தக் கட்டடத்துக்கு வாய்த்தது தற்செயல்தான்.

அப்படியானால் தூண்தளத்துக்கான செலவை யார் ஏற்பது? வீடு வாங்கிய ஒவ்வொருவரிடமிருந்தும் பரப்புக்கேற்ற விகிதத்தில், பொதுப்பகுதிகளின் விலையாகப் பெறலாம் என்பதே சட்டம் காட்டும் வழி. தீர்ப்பைப் பாராட்டி எழுதியவர்கள் இவ்விடத்தில் அதிகம் நிற்பதில்லை. கார் இல்லாத முதியவரும் தம் வீட்டின் அளவுக்கு நிறுத்துமிடச் செலவைச் சுமக்கிறார். இடம் எல்லாருக்கும் பொது. அதில் நிற்பதோ சிலரின் கார்கள். தீர்ப்பு கட்டுநருக்கும் சங்கத்துக்கும் இடையிலான பூசலை முடித்து, அதைச் சங்கத்தின் பொதுக்குழுவுக்குள் கொண்டுவந்து வைத்தது. ஏற்கெனவே பணம் கொடுத்து இடம் 'வாங்கியிருந்த' உறுப்பினரின் கையில் ரசீது இருந்தது, உரிமை இல்லை. வாங்காதவரிடம் ரசீது இல்லை, ஆனால் சம உரிமை இருந்தது. இவ்விருவரும் ஒரே மாடிப்படியில் தினமும் எதிர்ப்பட வேண்டியவர்கள். மகாராஷ்டிரக் கூட்டுறவுத் துறையின் மாதிரித் துணைவிதிகள் இதற்குத் தரும் தீர்வு எளிமையானது: முதலில் கேட்டவருக்கு முதலில், இடத்தை விட வண்டிகள் மிகுந்தால் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கல்.

2016இல் நாடாளுமன்றம் ரியல் எஸ்டேட் ஒழுங்காற்றுச் சட்டத்தை இயற்றியபோது, உச்ச நீதிமன்றம் கண்ட கராஜின் உருவம் சட்டத்துக்குள் நுழைந்தது. கூரையும் மூன்று பக்கச் சுவர்களும் உடையது கராஜ். திறந்தவெளி நிறுத்துமிடங்கள் பொதுப்பகுதி. ஆனால் கூரை உண்டு, சுவரில்லை என்ற நிலையிலுள்ள தூண்தளம் இவ்விரண்டுக்கும் நடுவே தொங்கியது. மகாராஷ்டிரத்தின் 2017 விதிகள் அந்த இடைவெளியில் ஒரு புதிய சொல்லை வைத்தன: 'மூடிய நிறுத்துமிடம்'. அடித்தளம், தூண்தளம், மேடைத்தளம், இயந்திர நிறுத்தம் ஆகியவை அதில் அடங்கும். கராஜும் திறந்தவெளியும் அடங்கா. மூடிய நிறுத்துமிடத்தை விற்கலாம் என்று அம்மாநில ஒழுங்காற்று ஆணையம் 2021இல் சுற்றறிக்கை விட்டது. கராஜ் என்ற பெயரில் 2010இல் விற்க முடியாமற்போன அதே தூண்தளம், பதினோராண்டுகளில் வேறொரு பெயரில், புதிய சட்டத்தின் கீழ் பதிவான திட்டங்களில் விற்பனைக்கு வந்துவிட்டது. பாஞ்சாலித் தீர்ப்பை எவரும் ரத்து செய்யவில்லை. அது பொருள் கூறிய சொல்லைத் தொடாமல், பக்கத்தில் வேறொரு சொல் நடப்பட்டது, அவ்வளவுதான். நுகர்வோருக்காக வந்த சட்டத்தின் கீழ் நுகர்வோர் வென்றெடுத்த ஒன்று இவ்வாறு கைமாறியதைத் தற்செயல் என்று கொள்வது கடினம்.

அதன்பின் புகார்களின் தன்மையும் மாறியது. விற்பனை முறைப்படியானதுதான், ஆனால் இடம் போதவில்லை. குறுக்கே உத்தரம் இறங்குகிறது. தூணுக்கு அருகே நிறுத்தினால் கதவு திறக்கவில்லை. 2024 ஏப்ரலில் அதே ஆணையம், விற்கப்படும் ஒவ்வொரு நிறுத்துமிடத்தின் எண், நீளம், அகலம், உயரம், கட்டடத்தில் அது இருக்கும் இடம் ஆகியவற்றை விற்பனை ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதியே தர வேண்டுமென ஆணையிட்டது.