அமோக்கும் அறச்சீற்றமும்



ஆங்கிலத்தில் 'ரன் அமோக்' என்றொரு தொடர் உண்டு. வெறிகொண்டு, எதிர்ப்பட்டவரையெல்லாம் தாக்கிக்கொண்டு ஓடுதல் என்பது அதன் பொருள். இச்சொல்லின் தாய்வீடு மலாய் மொழி. அங்கே 'அமுக்' என்பர். 1770-இல், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில் தங்கிய கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக்கின் பயணத்தைப் பற்றிய நூலில் இவ்வழக்கம் விவரிக்கப்பட்டுள்ளது. சொல்லின் பிறப்பிடம் அறியாத ஆங்கிலேயர் சிலர் 'அ மக்' என்று இரண்டாகப் பிரித்தும் எழுதினர்.

என் மாணவன் ஒருவன், "என் அப்பா நேற்று ரன் அமோக்" என்று கட்டுரையில் எழுதியிருந்தான். விசாரித்தேன். பால் வாளியைக் கவிழ்த்ததற்கு அப்பா அதட்டினாராம்! அதற்கு 'லாஸ்ட் ஹிஸ் டெம்பர்' என்றாலே போதும். சட்டென்று மூண்ட கோபமானால் 'ஃபிளை ஆஃப் த ஹேண்டில்' என்னும் தொடரைப் பயன்படுத்தலாம். காம்பு தளர்ந்த கோடாரியை ஓங்கினால் அதன் தலை கழன்று பறக்கும் அல்லவா? அமெரிக்காவில் பிறந்த அத்தொடர் அக்காட்சியையே நினைவூட்டுகிறது.

கோபத்துக்குச் சரியான பெயரிடுவது தேர்வுக்கு மட்டும் தேவையானதன்று. 1941-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களுக்குத் துணைநின்றார். அவர்கள் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடல். துரையும் கிராணியும் எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கத்தான் வேண்டும் என்ற நிலை ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர்.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. அரசு படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அவர்களுடைய கோபத்தை 'அமோக்' என்று சொல்லலாமா? கூடாது. அமோக் கொண்டவனுக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. நம்மவரோ இன்னின்னது வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கேட்டவர்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'ரைட்டியஸ் ஆங்கர்' என்று பெயர். தமிழில் அறச்சீற்றம்.

பெற்றோர்களே, இன்றிரவு விளக்கடியில் பிள்ளைகளுக்கு இவ்விரு சொற்களையும் சொல்லிக்கொடுங்கள். தாத்தா பாட்டிமார் ஏன் கோபப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிறர் நம் கோபத்துக்குத் தவறான பெயர் சூட்டும்போது, சரியான சொல் அவர்கள் நாவில் இருக்கட்டும்.