கள்ளப்பமும் கமீர் ரொட்டியும்

வருசப்பிறப்பு மலரில் சாப்பாட்டுச் சரித்திரமும் கொஞ்சம் இருக்கட்டுமே.

ஊரில் அப்பமாவைப் பொங்க வைத்தது கள்ளு. அதில் தானாக வளரும் ஈஸ்ற், அதாவது நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'மதுவம்' என்று படித்தது, சீனியைத் தின்று வாயுவை விடும், மா பொங்கும்.

1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடாவில் வேலைகள் பெருகின. 1983 கலவரத்துக்குப் பிறகு எங்கட சனத்திலும் பலர் அங்கே போனார்கள். நானும் துபாயில் இருந்தேன். கள்ளுக்கு எங்கே போவது? காய்ந்த ஈஸ்ற் பைக்கற்றுத்தான். "அது இரசாயனம்" என்று சிலர் முகம் சுளித்தார்கள். அப்படியல்ல, கள்ளிலும் இருக்கிற சக்கரோமைசிஸ் செரவிசியே என்ற அதே உயிர்தான். எமிரேட்ஸ் அரபுக்காரரும் கோதுமை மாவில் பேரீச்சம்பழமும் ஏலமும் சேர்த்து, பொங்க வைத்து, 'கமீர்' ரொட்டி சுடுகிறார்கள். அரபியில் 'கமீரா' என்றால் ஈஸ்ற்தான்.

உடம்புக்கு என்ன நன்மை? 1920களில் ஆன்றி புலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களிலிருந்து ஒரு ஈஸ்ற்றைப் பிரித்தெடுத்தார். அதுவும் செரவிசியேயின் உறவுதான். இன்று வயிற்றோட்டத்துக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஆனால் உயிரோடு குடலுக்குப் போனால்தான் வேலை செய்யும். அப்பச்சட்டிச் சூட்டில் ஈஸ்ற் செத்துவிடும். ஆகவே அப்பம் மருந்தல்ல.

பலன் புளிக்கும் நேரத்தில் இருக்கிறது. தவிடுள்ள தானியம் ஆறுதலாகப் புளித்தால் அதிலுள்ள பைற்றிக் அமிலம் குறையும். இரும்புச்சத்து உடம்பில் கூடச் சேரும். அவசரத்துக்கு அப்பச்சோடா போட்டால் மா பொங்கும், இந்தப் பலன் வராது.

"புளிச்ச மணம்" என்று மூக்கைப் பொத்தும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். பனையும் தென்னையும் எங்களோடு வரவில்லை. புளிக்க வைக்கிற பழக்கம் வந்தது. அதையும் விட்டுவிட வேண்டாம்.